ஐவியின் நான்கு கீலங்கள்

ஐவியின் கால்கள் ஓரிடத்தில் நிற்காதவை. பள்ளிக்கூடத்தில் வாங்குக்குக் கீழே ஆடும். கோயிலில் பூசை நேரத்திலும் ஆடும். சாப்பிடும்போது அவள் உதைத்து உதைத்து, வீட்டு மேசைக் கால் ஒன்றில் பூசியிருந்த பச்சை நிறமே போய்விட்டது.

அப்படிப்பட்ட பிள்ளையின் வீட்டு விறாந்தையில் ஒரு வள்ளம் வளர்ந்துகொண்டிருந்தது. மிக மிக மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஐவியின் அப்பா ஹெக்டர், திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். கப்பல்காரர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய சஞ்சிகையில் அந்த வள்ளத்தின் படத்தைப் பார்த்திருந்தார். இரண்டு முனையும் கூரான, ஒடுக்கமான வள்ளம். மரத்தைக் குடைந்து செய்வதல்ல. இரண்டு விரல் அகலமான மெல்லிய மரக் கீலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வது.

உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகையில் அவர் ஏழு அச்சுகளை வெட்டி வரிசையாக நிறுத்தினார். அவற்றின்மேல் வள்ளம் கவிழ்ந்த நிலையில் உருவானது. கீலங்கள் மலைவேம்பு மரத்தில் சீவியவை. ஒரு கீலம் பதினான்கு அடி நீளம். அதை வளைத்து, பசை பூசி, சின்ன ஆணிகளை அச்சில் பாதி அறைந்து, பழைய சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

"ஒரு நாளைக்கு இடப்பக்கம் ஒண்டு, வலப்பக்கம் ஒண்டு. அவ்வளவுதான்," என்றார் அப்பா.

"ஏன் அப்பா?"

"பசை காயோணும்."

"காஞ்ச பிறகு?"

"பிறகு நாளைக்கு."

இருபத்தாறு சோடிக் கீலங்கள் தேவை. ஒன்பது சோடிதான் முடிந்திருந்தது. ஓகஸ்ட் விடுமுறையில் மீதி பன்னிரண்டு நாட்கள். கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது. பள்ளிக்கூடம் தொடங்கும் முன் வள்ளத்தில் ஏறிவிட வேண்டும் என்பது ஐவியின் ஆசை. முன் இருக்கை அவளுக்கு என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை தேயிலைக் கப்பல் ஒன்று வந்தது. அப்பாவுக்கு இரண்டு இரவும் இரண்டு பகலும் வேலை. போகும்போது பசைத்தூள் தகரத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இந்தத் தூள் கண்ணிலை பட்டால் கூடாது. சாவியைப் பிள்ளையளிட்டைக் குடுக்காதையும்," என்று அம்மாவிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கச்சான் காற்று யன்னலை அடித்து அடித்துச் சாத்தியது. அம்மா தையல் படிப்பிக்கக் கன்னியர்மடத்துக்குப் போயிருந்தார். ஐவி விறாந்தையில் அங்கும் இங்கும் நடந்தாள். வள்ளத்தைச் சுற்றி நாற்பது தடவை நடந்த பிறகு, தம்பியைக் கூப்பிட்டாள்.

"கிறிஸ்தோபர், பசை எண்டால் எல்லாம் பசைதானே?"

எட்டு வயதுக் கிறிஸ்தோபர் யோசித்தான். "சோறும் ஒட்டும்," என்றான்.

பக்கத்துத் தெருவில் கதிரை திருத்தும் தம்பிராசாவின் பட்டறை இருந்தது. அங்கே அடுப்பில் எப்போதும் ஒரு சட்டி வச்சிரம் உருகிக்கொண்டிருக்கும். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த, தச்சர்கள் மரத்தை ஒட்டும் மண்ணிறப் பசை அது; நாற்றமும் அடிக்கும்.

"மாமா, கொஞ்சம் வச்சிரம் தாறியளோ?"

"எதுக்குப் பிள்ளை?"

"ஒட்டுறதுக்கு."

"நல்ல காலம். கறி வைக்கக் கேக்கிறாயாக்கும் எண்டு பயந்திட்டன்," என்று சொல்லிச் சிரட்டை நிறைய ஊற்றிக் கொடுத்தார்.

அன்று பின்னேரத்துக்குள் நான்கு கீலங்கள் ஏறிவிட்டன. இடம் இரண்டு, வலம் இரண்டு. ஒரு நுனியைக் கிறிஸ்தோபர் பிடித்தான். மறு நுனியை ஐவி வளைத்தாள். சிரட்டையில் ஆறியதைக் குசினி அடுப்பில் மறுபடி இளக்கினார்கள். வச்சிரம் ஆற ஆற இறுகியது. தட்டிப் பார்த்தால் கல் போல இருந்தது. காத்திருக்கவே தேவையில்லை.

மாலையில் அம்மா குசினிக்குள் நுழைந்து மூக்கைப் பொத்தினார். "என்ன நாத்தம் இது? எலி செத்துக் கிடக்கோ?"

"தேடிப் பாக்கிறன் அம்மா," என்று சொல்லிக் கிறிஸ்தோபர் மேசைக்குக் கீழே புகுந்துகொண்டான்.

சனிக்கிழமை காலை அப்பா வந்தார். கண்கள் சிவந்திருந்தன. விறாந்தையில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு உள்ளங்கையால் புதுக் கீலங்களை முனையிலிருந்து முனைவரை தடவினார்.

"ஆர் வைச்சது?"

"நான்தான். தம்பி பிடிச்சவன்."

"ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. நான் வைச்சதைவிட நல்லாக் கிடக்கு." அப்பா கொட்டாவி விட்டார். "அம்மா சாவி தந்திட்டாபோல. சரி, நான் படுக்கப்போறன். அஞ்சு மணிக்கு எழும்பி அடுத்த சோடியை வைப்பம்."

சாவியைப் பற்றி ஐவி வாயைத் திறப்பதற்குள் அப்பா உள்ளே போய்விட்டார். திறந்திருப்பாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

சிரட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பட்டறைக்கு ஓடினாள். தம்பிராசா ஒரு பழைய கதிரையைக் கவிழ்த்து, அதன் கால் பொருத்தில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் பொறுத்தார். காலை மெல்லத் திருகினார். அது அவர் கையோடு வந்துவிட்டது.

"உடைச்சுப் போட்டியளோ மாமா?"

"உடைக்கிறதோ? கழட்டுறன் பிள்ளை. வச்சிரத்துக்குச் சுடுதண்ணி காட்டினால் பிடியை விட்டிடும்."

ஐவியின் கால்கள் ஆடுவதை நிறுத்தின. "பச்சைத் தண்ணி எண்டால்?"

"அதுக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். ஏன், உங்கட வீட்டுக் கதிரை கடலுக்கை போகப்போகுதோ?"

அவர் சிரித்து முடிக்கும் முன் ஐவி தெருவில் இருந்தாள்.

வீட்டில் அப்பாவின் குறட்டை கேட்டது. அறை வாசலில் அம்மா கையை நீட்டி மறித்தார். "எழுப்பாதை. ரெண்டு இரவாய் மனுசன் கண் மூடேல்லை."

மணி பதினொன்றரை. ஐந்து மணிக்கு அடுத்த சோடி ஏறிவிடும். அது அப்பாவின் பசை; ஒட்டினால் விடாது. அதன்பிறகு இந்த நான்கையும் எடுக்கவே முடியாது. வள்ளத்தை நிமிர்த்தி மிதக்க விட்டால் இந்த நான்கும் தண்ணீருக்குக் கீழே இருக்கும்.

கிறிஸ்தோபரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொல்லாமல் விடுவமே?" என்றான் அவன். "மேல வார்னிஷ் அடிக்கிறதுதானே. நாலு பூச்சு."

ஐவி ஒரு கணம் அதையும் நினைத்துப் பார்த்தாள். "அப்பா நல்லாக் கிடக்கு எண்டு சொன்னவர்," என்றாள் மெல்ல.

"ஓம். நானும் கேட்டனான்."

காற்று யன்னலைப் படாரென்று சாத்தியது.

"எனக்குப் பிறகு முன்னுக்கு இருக்கப்போறது ஆர்?" என்று ஐவி கேட்டாள்.

"நான்தான்."

"உனக்கு நீந்தத் தெரியுமோ?"

கிறிஸ்தோபர் எழுந்தான். கேத்திலில் தண்ணீர் நிரப்பப் போனான்.

ஐவி முதலில் ரியூப்புகளை அவிழ்த்தாள். குறட்டால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பழைய துவாயைக் கீலத்தின்மேல் விரித்து, மெல்லமெல்லச் சுடுதண்ணீர் ஊற்றினாள். பொறுத்தாள். ஒன்றும் அசையவில்லை. இழுக்கக் கை துடித்தது. இழுத்தால் மெல்லிய மரம் பிளந்துவிடும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நூறுவரை எண்ணினாள். மறுபடி ஊற்றினாள். மறுபடி எண்ணினாள்.

மூன்றாவது நூறில், முனையில் ஒரு சின்ன வாய் திறந்தது.

முதல் கீலம் முழுதாகக் கழன்று வந்தபோது மணி ஒன்று. நான்காவது வரும்போது இரண்டரை. ஒன்றும் முறியவில்லை. ஈரத்துணியால் வச்சிரத்தை வழித்துத் துடைத்தாள். மரத்தில் மினுக்கம் போகும்வரை துடைத்தாள். பிறகு ஏதோ நினைத்து, அப்பா ஒட்டிய ஒன்பதாவது கீலத்திலும் சுடுதண்ணீர் ஊற்றி மூன்று நூறு எண்ணினாள். அது அசையவேயில்லை.

"காயவேணுமே," என்றான் கிறிஸ்தோபர்.

"காத்து இருக்குது."

கீலங்களை முற்றத்தில் பரப்பினார்கள். கச்சான் காற்று அவற்றைத் தூக்கப் பார்த்தது. நடுவில் கிறிஸ்தோபர் பாரத்துக்கு உட்கார்ந்தான்.

ஐந்து மணிக்கு அப்பா கையில் தேநீரோடு வந்தார். ஒன்பது சோடியுடன் நின்ற வள்ளத்தைப் பார்த்தார். முற்றத்தில் கிடந்த நான்கு கீலங்களைப் பார்த்தார். அவற்றின்மேல் தூங்கி வழிந்த மகனைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

"நான் சாவி வாங்கேல்லை அப்பா," என்றாள் ஐவி. "தம்பிராசா மாமாவிட்டை வச்சிரம் வாங்கித்தான் ஒட்டினனான். காலமை நீங்கள் சொல்லேக்கை நான் பேசாமல் நிண்டிட்டன். அது தண்ணியிலை விட்டிடுமாம். அதுதான் கழட்டினனான்."

அப்பா தேநீரைக் கீழே வைத்தார். ஒரு கீலத்தை எடுத்து, ஓரத்தை விரலால் தடவினார். முகர்ந்தார். அடுத்ததையும் அப்படியே பார்த்தார். ஐவிக்கு அந்த நேரம் ஒன்பது சோடியையும் ஒட்டிய நாட்களைவிட நீளமாகத் தெரிந்தது.

"நான் தடவிப் பாத்தும் கண்டுபிடிக்கேல்லை," என்றார் கடைசியில். "கடல்தான் கண்டுபிடிச்சிருக்கும்."

பிறகு, "ஒண்டுகூட முறியேல்லையே. எப்பிடிக் கழட்டினாய்?" என்று கேட்டார்.

"நூறு நூறா எண்ணினன்."

"நீயோ?"

"ஓம்."

அப்பா உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பசைத்தூள் தகரத்தையும் கோப்பையையும் கரண்டியையும் கொண்டுவந்து ஐவியின் முன்னால் வைத்தார்.

"முகத்தைத் தள்ளி வைச்சுக்கொண்டு கலக்கு. கட்டி விழக் கூடாது."

அன்று ஒரு சோடிதான் ஒட்டினார்கள். இடம் ஒன்று, வலம் ஒன்று.

விடுமுறை முடிந்தது. பள்ளிக்கூடம் தொடங்கி மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, உவர்மலைச் சரிவால் வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு உட்துறைமுகத்துக்கு இறங்கினார்கள். வார்னிஷ் வெயிலில் தேன் போல மினுங்கியது. தம்பிராசாவும் பார்க்க வந்திருந்தார்.

"கதிரை கடலுக்குப் போகுது," என்றார் அவர்.

அப்பா பின்னால் ஏறினார். ஐவி தன் துடுப்போடு முன்னால் ஏறினாள். கரையில் கிறிஸ்தோபர் தன் முறைக்காகக் குதித்துக்கொண்டு நின்றான்.

"ஆடாமல் இரு. ஒடுக்கமான வள்ளம். ஆடினால் கவிழும்," என்றார் அப்பா.

ஐவி ஆடவில்லை. வள்ளம் கரையை விட்டு விலகியது. துறைமுகத்தில் நின்ற கப்பல் பெரிதாகியது. அவளுடைய கால்கள் இரண்டும் அசையாமல் நீட்டியிருந்தன. வலது கை மட்டும் கீழே உட்புறத்தில், அன்று கழற்றித் திரும்ப ஒட்டிய பத்தாவது கீலத்திலும் பதினோராவது கீலத்திலும் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

அப்பா அதைக் கவனித்தார். இரண்டு தடவை துடுப்பு வலித்தார்.

"எங்கையாவது ஈரமோ?"

"இல்லை."

"அப்ப கையை எடுத்துத் துடுப்பைப் பிடி."