தூக்கினால் அழும் குழந்தை

"பாப்பாவத் தூக்குனா அழுவுது, கீழ வெச்சா சும்மா கீது. இன்னாம்மா இது?" என்று மகன் அசீம் காலையில் கேட்டபோது ஜாஹிரா அதட்டி அனுப்பிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

அது பக்கத்து வீட்டு மோகனாவின் குழந்தை. எடை குறைந்து பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எந்தக் குழந்தையும் தோளில் சாய்த்தால் அடங்கும். இதுவோ தூக்கியதும் கம்பியை இழுத்தது போன்ற மெல்லிய குரலில் வீறிட்டது.

"உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போலாம், மோகனா."

"மெடிக்கல்ல குடுத்த மருந்துலயே ஜுரம் வுட்டுடுச்சே, அக்கா."

மோகனாவின் கணவன் ஆனந்தன் தறியிலிருந்தபடியே சிரித்தான். "பாய் வூட்டம்மாவுக்குத் தும்முனாலே ஊசி போடணும். உரம் வியுந்துகீது, அவ்ளோதான்."

உரம் எடுக்கச் சிட்டம்மாள் வந்தாள். கூலியாக வெற்றிலைகூட வாங்காத நல்ல மனுஷி.

"யாரோ தப்பாத் தூக்கிக் கய்த்து பிசகிக்கீது. எப்டி விரைச்சிக்கினு கீது பாரு!"

குழந்தையைப் பழம்புடவையில் கிடத்தி, இருமுனையையும் இருவர் பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். நூல் கஞ்சியின் புளித்த வாடை அறையை அடைத்திருந்தது; ஓட்டின் மேல் தூறல் சுரண்டிக்கொண்டிருந்தது; புடவைக்குள்ளிருந்து வந்த குரல் தேய்ந்து, தேய்ந்து, ஓர் உருட்டலில் நின்றுபோயிற்று.

"பாத்தியா? எடுத்தாச்சு!"

"இப்பவாச்சும் போலாம்" என்றாள் ஜாஹிரா.

"தூங்கற புள்ளைய எய்ப்பாதம்மா."

அத்தனை பேரும் நல்லவர்கள். ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

இருட்டும் நேரம். ஆனந்தன் சிட்டம்மாளைக் கொண்டுவிடப் போனான். பல இரவுகள் விழித்திருந்த மோகனா அப்படியே சாய்ந்துவிட்டாள். கரண்ட் போயிற்று.

ஜாஹிரா குழந்தையைத் தூக்கினாள்.

அழவில்லை.

உடம்பு ஜில்லிட்டிருந்தது. உச்சியைத் தொட்டாள். பள்ளமாக இருக்க வேண்டிய இடம். மேடு. இறுகி, உப்பி. உள்ளேயிருந்து எதுவோ அவள் உள்ளங்கையைத் தள்ளியது.

மோகனாவை எழுப்பினால் மறுபடியும் பேச்சுதான். ஜாஹிரா டைபாய்டில் கிடந்தபோது கைக்குழந்தை அசீமுக்குத் தன் பாலைக் கொடுத்தவள் மோகனா, ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்தக் கடனைத் திருப்பித் தருவதை யாரும் பார்க்க வேண்டாம், படைத்தவன் பார்த்தால் போதும்.

குழந்தையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடினாள். எஸ்.டி.டி. பூத் பூட்டியிருந்தது. ரோட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை. முந்தானையை விலக்கிப் பார்த்தாள்.

மின்னல்.

கண்கள் திறந்திருந்தன. மழைத்துளி அதில் விழுந்தது. இமைக்கவில்லை.

வாய் மட்டும், இல்லாத முலையை, சப்பிக்கொண்டே இருந்தது.