திருப்பித் தட்டியவள்

கல் இடிக்கும் மில் நின்ற பிறகும் பெருமாளின் கால் நிற்கவில்லை. சம்பங்கி முதலில் கவனித்தது அதைத்தான்.

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்து ஆட்களின் மூங்கில் தட்டிவீடுகளில் ராப்பகலாக மில்லின் அதிர்வு ஓயாது. பானை அதிரும், பானைக்குள் தண்ணீர் அதிரும், தரையில் படுத்தால் பல்கூட அதிரும். கட்டிலில் கிடக்கும் புருஷனின் குதிகாலும் அந்தக் கணக்கில்தான் அதிர்கிறது என்று சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று பாய்லர் கழுவுவதற்காக மில்லை நிறுத்திவிட்டார்கள். மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம், விளக்கெண்ணெய் வாடையும் ஆஸ்பத்திரி மருந்து வாடையும் கலந்து கிடந்த அந்த ஒற்றை அறையில், கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தை அந்தக் குதிகால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

பெருமாள் நல்ல தூக்கத்தில் இருந்தான்.

போன மாதம் சுரங்கத்தில் பாறை சரிந்து அவன் முதுகெலும்பை முறித்துப் போட்டது. கூட வேலை செய்த கோவிந்தனும் அவன் தம்பி ராஜப்பாவும் பாறைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். உள்ளேயிருந்து அவர்கள் தட்டும் சத்தம் கேட்டதாம். கல்லை அகற்றுவதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. சத்தமும் நின்றுபோயிற்று. உடல்களைக்கூட எடுக்க முடியவில்லை. பெருமாள் மட்டும் பாதி ஆளாக வீடு வந்து சேர்ந்தான். இடுப்புக்குக் கீழே கொள்ளிக்கட்டையை வைத்தாலும் அவனுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஏசுபாதம் அவளுக்குப் புரிகிற மாதிரிதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தோ பாரும்மா, மூளைன்றது மேல கீற என்ஜின் ரூமு. முதுகுத்தண்டு ஷாப்ட்டு, சொரங்கத்துக்கு எறங்குற குழி. அதுல எறங்குற நரம்புங்கதான் மணிக்கயிறு. கீழ அடிபட்டா சேதி கயிறு வழியா மேல போவும். மேலேர்ந்து உத்தரவு கீழ வரும். உன் வூட்டுக்காரருக்குக் கயிறு நடுவுல அறுந்துபோச்சு. இனிமே சேதியும் போவாது, உத்தரவும் வராது."

"கால் சில நேரம் துள்ளுதுங்களே ஐயா?"

"சுடுசட்டியத் தொட்டா, கை மூளையக் கேட்டுகினா இழுத்துக்குது? முதுகுத்தண்டே இழுத்துடும். இதுவும் அந்த மாதிரிதான். அதப் பாத்து ஆசைப்படாதே."

ஆசைப்படாதே என்று சொல்லிவிட்டால் ஆசை போய்விடுமா என்ன? அவன் எழுந்து நின்றால் போதும், ஒரே ஒரு தரம் வாசல்வரை நடந்தால் போதும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

டொக். டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

துள்ளுகிற கால் இப்படி எண்ணித் தட்டாது. சுரங்கத்தில் மணியை மூன்று தரம் அடித்தால் 'ஆளை மேலே ஏற்று' என்று அர்த்தம். அந்த வரிசை வீடுகளில் குழந்தைக்குக்கூட அது தெரியும். சம்பங்கி விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கயிறு ஒட்டிக்கொண்டது! கனவில் சுரங்கத்துக்குள் இருக்கிறான், மேலே வரக் கேட்கிறான் என்று நினைத்தாள். மேலே மணிச்சத்தம் கேட்டவர் அதையே திருப்பி அடித்தால்தான் ஆளை ஏற்றும் கூண்டு நகரும். அடிக்காவிட்டால் கீழே இருக்கிறவன் இருட்டில் நின்றுகொண்டே இருப்பான். பெருமாளே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான்.

அவள் விரலை மடக்கிச் சட்டத்தில் மூன்று தரம் தட்டினாள்.

கால் நின்றுவிட்டது.

மருந்து வாடை போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் சுரங்கத்து வாடை வந்தது. வெடிப்புகை, உருகிய மெழுகுவத்தி, வெயிலே படாத தண்ணீர். பெருமாள் கண்ணைத் திறந்தான்.

"இன்னா பண்ண நீ?"

"உன் காலு மணி அடிச்சுது மாமா. நான் திருப்பி அடிச்சேன்."

அவன் முகம் வெளுத்தது. "நான் அடிக்கலியே."

அவன் வயிற்றுத் தோல் தானாகச் சுருங்கி விரிந்தது. அவள் பயந்துபோய்க் கிள்ளிப் பார்த்தாள். அவனுக்குத் தெரியவில்லை. காலையில்கூட அங்கே தொட்டால் கூசுகிறது என்றவன். விலாவில் கிள்ளினாள். தெரியவில்லை. மார்பு. அங்கேயும் இல்லை. உள்ளே ஏதோ மெதுவாக, ஒவ்வொரு தட்டாக நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தது.

"சம்பங்கி, கையப் புடி."

"புடிச்சினுதான் கீறேன் மாமா."

"எங்க?"

அவள் இன்னும் இறுக்கினாள். எலும்பு நொறுங்குகிற அளவுக்கு. அவன் கை திரும்பி அவள் கையைப் பிடித்தது. சில்லென்ற பிடி. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

கழுத்து விறைத்தது. தாடை அசைந்தது.

பிறகு எழுந்து உட்கார்ந்தான். முறிந்த முதுகோடு. நேராக.

அந்த முகத்தில் கண் மட்டும்தான் பெருமாளுடையது. அது அவளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. வாய் சிரித்தது.

"ரொம்ப நேரமா அடிச்சினே இருந்தோம், தங்கச்சி. நீ ஒருத்திதான் திருப்பி அடிச்ச."

தங்கச்சி. அந்த வரிசையில் அவளை அப்படிக் கூப்பிட்டவன் கோவிந்தன் ஒருவன்தான்.

கையை உதறிக்கொண்டு பாய்ந்தாள். வாசல் மூங்கிலை எட்டிப் பிடித்துவிட்டாள். வெளியே மழை. எதிர்வீட்டு விளக்கு. கத்தினால் கேட்கிற தூரம். குரல் வரவில்லை.

"ராஜப்பா இன்னும் கீழதான் கீறான். அவனும் மேல வரணும்ல" என்றது கட்டிலிலிருந்து அந்தக் குரல்.

ஓடு, என்றாள் தன் கால்களிடம். ஓடு.

கால் கேட்கவில்லை. தொடையைக் கிள்ளினாள். நகம் பதிந்து ரத்தம் வந்தது. வலிக்கவில்லை.

இரண்டு கைகளாலும் மூங்கிலைக் கட்டிக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே அவள் கால்கள் நிதானமாகத் திரும்பி, கட்டிலை நோக்கி நடக்கத் தொடங்கின.