பத்து மணிக்கு ஏறும் ரத்த அழுத்தம்

14 மார்ச் 1966, திங்கள். இன்றும் ஒரு தவறு. ஆறாம் கட்டிலின் அட்டவணையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்று எழுத வேண்டும் என்பது விதி. நேற்றும் விட்டேன்.

மாலை வகுப்புக்கு ஆசிரியர் வருமுன் தாதிப் பயிற்சி மாணவி ரஷீதா இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி முடித்தாள். மறுநாள் பகலில் அந்த ஆறாம் கட்டிலே அவள் வேலைக்கு உலை வைத்தது.

கட்டிலில் இருந்தவர் தேக்கா சந்தையில் சாக்கு வியாபாரம் செய்யும் சேக் தாவூது. இதய வால்வு அறுவை முடிந்து நான்காம் நாள். ஞாயிறு காலை அவர் உடம்பில் செருகியிருந்த குழாய்களை எடுத்தார்கள். அன்றிலிருந்து ரத்த அழுத்தம் காலை ஏழுக்கு 130, பத்துக்கு 170, பன்னிரண்டுக்கு 200. மாலை நாலுக்கு மறுபடி 135.

"உன் ஷிப்டுல மட்டும் ஏறுது," என்றார் வார்டு சிஸ்டர் சரஸ்வதி. "தச்ச இடம் பிச்சுக்கிட்டா யார் பதில் சொல்றது? டிரிப்பை வேகமா விட்டியா? மேட்ரனுக்கு எழுதிட்டேன்."

அந்தக் கடிதம் போனால் தாதிப் பயிற்சி அன்றோடு முடியும். உண்மையிலேயே தான்தான் காரணமோ என்று ரஷீதாவுக்கே சந்தேகம் வந்தது. அறுவையின்போது மயக்க மருந்து கொடுத்த டாக்டர் தங்கராஜுவைப் போய் அழைத்து வந்தாள்.

"கடிதம் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும் சிஸ்டர்," என்றார் அவர். "ரஷீதா, யார் மேல சந்தேகம்?"

"வலி, சார்."

"ஒன்பதுக்கு ஊசி போட்டாச்சு. அதுக்கப்புறம்தானே ஏறுது."

"குளிர்?"

அவர் நோயாளியின் பாதத்தைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. நகங்கள் சிவப்பாக இருந்தன; மூச்சிலும் குறையில்லை. டிரிப் புட்டியில் ரஷீதா மணிக்கொரு கோடு போட்டிருந்தாள். ஒரு கோடும் தப்பவில்லை. வழக்கமான ரத்த அழுத்த மாத்திரையும் ஆறு மணிக்கே உள்ளே போயிருந்தது.

"ஆபரேஷன் மேஜையிலயும் இவருக்கு ஏறிச்சு," என்றார் டாக்டர். "நெஞ்சைத் திறக்கறப்போ மயக்கம் லேசா இருந்தது. மருந்தைக் கூட்டினேன், இறங்கிடுச்சு. காரணத்தை எடுத்தா அழுத்தம் தானா இறங்கும். ரெண்டு மணிக்கு மேல இங்கேருந்து எதை எடுக்கிறோம்?"

ரஷீதா யோசித்தாள். "என்னைத்தான், சார். ரெண்டு மணிக்கு என் ஷிப்டு முடியுது."

சேக் தாவூது முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. பக்கத்தில் காலையில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"கோவிந்தசாமி எப்ப வருவான்லா?" என்றார் அவர்.

"இதோட மூணு தடவை கேட்டுட்டார்," என்றாள் ரஷீதா. கோவிந்தசாமி பிற்பகல் ஷிப்டு ஆண் உதவியாளர்.

டாக்டர் அட்டவணையைப் பார்த்தார். சிறுநீர் அளவு: இரவில் ஒழுங்காக இருந்தது; காலைக் கட்டம் இன்றும் காலி. நேற்றும் காலை காலி; பிற்பகல் இரண்டே காலுக்கு, கோவிந்தசாமியின் கையெழுத்தில், முப்பது அவுன்ஸ். ஞாயிறும் அப்படியே.

"கோவிந்தசாமிகிட்ட கேக்கிறவர் உன்கிட்ட கேக்கலையே. இவர் உனக்கு என்ன வேணும்மா?"

அவள் முகம் சிவந்தது. "போன மாசம் இந்த மாமாவோட மகனுக்காக என்னைப் பெண் பார்க்க வந்தாங்க, சார்."

டாக்டர் திரையை இழுத்துவிட்டு அடிவயிற்றில் கை வைத்தார். பந்துபோல் இறுகியிருந்தது. "நிறைஞ்ச சிறுநீர்ப்பைகூட ரத்த அழுத்தத்தை ஏத்தும், சிஸ்டர். ஞாயித்துக்கிழமை சிறுநீர்க் குழாயை எடுத்ததை மறந்து, எல்லாரும் நெஞ்சையே பார்த்துட்டோம்."

"மருமகளா வரப்போற புள்ளகிட்ட மூத்திரப் போத்தலை எடுன்னு எப்படிக் கேக்கிறது, டாக்டர்?" என்றார் சேக் தாவூது. "தண்ணி குடிக்காமப் பார்த்தேன். இந்த டிரிப்பை நிறுத்த முடியலையே."

கோவிந்தசாமியை உணவறையிலிருந்து கூட்டி வந்தார்கள். அரைமணியில் 138.

சிஸ்டர் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "'இல்லை'ன்னு எழுதியிருந்தா ஞாயித்துக்கிழமையே நான் கேட்டிருப்பேன்," என்றார்.

ரஷீதா தலையாட்டினாள். அன்று மாலை வகுப்பில் எழுதினாள்:

15 மார்ச், செவ்வாய். காரணம் என் கை அல்ல, என் காலிக் கட்டம். கோவிந்தசாமி அண்ணனைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாளை எட்டு மணிக்கு அவரை ஆறாம் கட்டிலுக்கு அனுப்பிவிட்டு, நான் திரைக்கு வெளியே நின்று, அவர் சொல்லும் அளவை எழுத வேண்டும்.