கடைசிப் பலகை

அக்டோபர் 17

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அண்ணன் மேலே ஏறி வந்ததைக் கண்ணால் பார்க்காமலேயே கடைசிப் பலகையை அடித்து மூடிவிட்டேன். மாலை வகுப்பில் தச்சு மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: "கீழ ஆள் இருந்தா குரல நம்பாத. மூஞ்சியப் பாத்துட்டு மூடு." பாதகமில்லை. அண்ணன் மேலேதான் இருந்தார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கே தெளியும்.

இந்தப் பழைய கல்வீட்டின் தரையில் குளிர் ஊறிக்கொண்டே இருக்கும். அம்மாவின் முட்டி அதைத் தாங்காது. அதனால் தரையைத் தோண்டிச் சட்டம் கட்டி, சட்டங்களுக்கு நடுவே குளிரைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, மேலே மரப்பலகை பாவினோம். அடியில் ஒருவர் தவழ்ந்து போகும் அளவுக்குப் பள்ளம். பஞ்சு சரியாக நிற்கிறதா என்று பார்க்க, மூலையில் விட்டிருந்த திறப்பு வழியாக அண்ணன் இறங்கினார்.

"வாத்தியாரம்மா, உள்ள இருக்கறப்ப மூடிடாதீங்க. இன்னும் கல்யாணம் ஆகாத பையன்," என்றார். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான் அவருக்கு வாத்தியாரம்மாதான்.

நான் வாசலில் அந்தத் திறப்பை மூடும் கடைசிப் பலகையை அளவுக்கு அறுத்துக்கொண்டு வந்தேன்.

"ஆச்சாண்ணா?"

"ஆச்சு. அடி."

அடித்தேன். குரல் கீழிருந்து வந்ததா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததா என்று அப்போது யோசிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், சமையலறையில் அண்ணன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிப் பஞ்சைத் தொட்டுவிட்டு யாராலும் சும்மா நிற்க முடியாது. கழுத்து, முழங்கை, விரலிடுக்கு என்று முள் ஏறியதுபோல் அரிக்கும். நேற்றெல்லாம் அண்ணன் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு கரடி மாதிரி உறுமிக்கொண்டிருந்தார். இன்று ஒருமுறைகூடச் சொறியவில்லை. சட்டையில் தூசி இல்லை. குவளை வாயிலேயே இருந்தது. தொண்டை அசையவில்லை.

"அரிக்கலையாண்ணா?"

"இல்ல, தங்கச்சி."

தங்கச்சி. மற்றவர்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போது அவர் சொல்லும் வார்த்தை அது. என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

வெளிச்சம் மங்கியது. பஞ்சு அடைத்த பிறகு வீட்டுக்குள் காற்றின் ஓசை வருவதில்லை. என் மூச்சே பக்கத்து அறையில் யாரோ விடுவதுபோல் கேட்டது. அறுத்த மரத்தின் வாசனை. அதற்கடியில், லேசாக, வியர்வை வாசனை. பிறகு ஒரு தட்டல். மெத்தைக்குள் கையை விட்டுத் தட்டுவதுபோல. நின்றது. மறுபடி.

"எலி," என்றார் சமையலறை வாசலில் நின்றவர்.

குனிந்து பலகையில் காதை வைத்தேன்.

"வாத்தியாரம்மா…" இருமல். "விளையாட்டு போதும். தொறங்க. மூச்சு முட்டுது." பிறகு கேலியெல்லாம் போன குரலில், "தொறடி."

ஆணி பிடுங்கும் கம்பியைத் தேடினேன். சுவரோரம் இல்லை. அது அவர் கையில் இருந்தது.

நாற்காலியை இழுத்து, கடைசிப் பலகையின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார். என் முன்னால் சுத்தியலையும் ஆணியையும் உருட்டிவிட்டார். அண்ணனின் முகம். அண்ணனின் சிரிப்பு. ஆனால் அது எங்கும் நிற்கவில்லை. உதடுகள் விரிந்துகொண்டே போயின. காதையும் தாண்டி.

"சரியா அடிக்கல நீ. இன்னும் ரெண்டு அடி. இல்லன்னா, கீழ இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு."

கீழே தட்டல் நின்றது. அண்ணனுக்குக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்யப்போகிறேன் என்று காத்திருந்திருக்க வேண்டும்.

அடித்தேன்.

முதல் ஆணி சட்டத்தில் இறங்கியது. இரண்டாவது வழுக்கியது. சட்டத்தைத் தப்பிவிட்டது. பலகையைத் துளைத்து, அடியில் மெத்தென்ற எதிலோ இறங்கியது. பஞ்சை விலக்கிவிட்டுக் கீழிருந்து பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த உள்ளங்கை.

அந்த அலறல் தலையணைக்குள் அலறுவதுபோல் கேட்டது. அவ்வளவுதான். பஞ்சு நன்றாக வேலை செய்கிறது.

இப்போது அவர் எதிரில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்க்கிறார். இரண்டாவது ஆணி தானாகவே ஆடுகிறது. கொஞ்சம் மேலே எழும்புகிறது, கொஞ்சம் இறங்குகிறது.

நாளை: மரத்தூளும் பசையும் குழைத்துப் பலகை இடுக்குகளைக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும்.