மேகநாதன் வீடு எது?

கல்யாண வீட்டில் யாருக்கு யார் என்ன முறை என்று குழப்பம் வந்தால், பெரியவர்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் அருள்மொழி சொல்லிவிடுவாள்.

“அவரு உங்களுக்குத் தாய்மாமனும் ஆவாரு, மச்சானும் ஆவாரு. உங்க அக்காவைத்தானே அவருக்குக் கட்டிக் குடுத்திருக்கு? எது வசதியோ அப்படிக் கூப்பிட்டுக்கோங்க.”

அருள்மொழி போடியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்குப் பாடத்தில் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் முறை சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவில் பாதிக் குடும்பங்களுக்குச் சார்ட் அட்டையில் குடும்ப மரம் வரைந்து கொடுத்திருக்கிறாள். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் ஆயிற்றே, கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மரம் என்று பெயர்தானே தவிர, பார்க்க இடியாப்பம் மாதிரி இருக்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி அக்கா அவளைக் கூப்பிட்டாள்.

“அருளு, எங்க பாப்பாவுக்கும் ஒரு மரம் வரைஞ்சு குடேன்.”

பாப்பாவுக்கு ஒரு வயது ஆகப்போகிறது. அருள்மொழியைக் கண்டால் போதும், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தாவும். அதற்காக அருள்மொழி எதுவும் செய்வாள். கலர் பென்சிலோடு உடனே வந்து உட்கார்ந்தாள்.

பாப்பாவின் அப்பா பிரபாகரன் மலைத் தோட்டங்களுக்கு ஜீப்பு ஓட்டுகிறவர். அவர் பக்கத்துச் சொந்தங்கள் மளமளவென்று நிரம்பின. அட்டையில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது. பிறகு அக்காவின் பக்கத்துக்கு வந்தாள்.

“உங்க அம்மா பேரு?”

“மகாராணி.”

“அப்பா?”

“மேகநாதன்.”

“அவரு கூடப் பொறந்தவங்க?”

அக்கா பாப்பாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள்.

அவள் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் பிறந்தவள். அவள் பேசப் பழகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். எட்டு வயதில் அம்மாவும் போய்விட்டாள். தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அவளை வளர்த்தார்கள். அப்பாவுக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம் என்று அம்மா சொன்னது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

“அடுத்த மாசம் பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கு” என்றாள் அக்கா. “தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல.”

பிரபாகரனின் அம்மா அய்யம்மாள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அதுக்கு ஏன் ஆத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? நம்ம தெருவுல ஒருத்தரை மாமனா உக்கார வச்சுக்கிருவோம்.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அக்காவும் தலையாட்டினாள். ஆனால் அத்தை உள்ளே போனதும் அக்காவின் கண் கலங்கிவிட்டது.

“எம் பொறந்த வீட்டுல இருந்து ஒரு ஆளு வந்து நின்னாப் போதும் அருளு. ஒரே ஒரு ஆளு.”

அருள்மொழி பென்சிலைக் கீழே வைத்தாள். “ராசிங்காபுரம் என்ன லண்டன்லயா இருக்கு? பஸ்சுல ஏறினா வந்துரப்போகுது. போய்க் கேப்போம் வாங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ராசிங்காபுரத்தில் இறங்கினார்கள். பாப்பாவையும் சேர்த்துத்தான் மூன்று பேர். டீக்கடையில் அருள்மொழிதான் முதலில் விசாரித்தாள்.

“மேகநாதனா? மூணாப்புல ஒருத்தன் படிக்கிறான். கூப்பிடவா?” என்றார் கடைக்காரர்.

“அவரு இல்லண்ணே. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி மலைக்கு வேலைக்குப் போனவரு.”

“மலைக்குப் போனவுக ஊர்ல பாதிப் பேரு இருக்காக தாயி. ஆனா மேகநாதன்னு அந்த வயசுல இங்க யாரும் கிடையாது.”

தெருத் தெருவாகக் கேட்டார்கள். எல்லோரும் தண்ணீர் கொடுத்தார்கள், பாப்பாவைக் கொஞ்சினார்கள். மேகநாதனை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அவள் அழுகிறாள் என்று அருள்மொழிக்குத் தெரியும்.

அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்தது. அருள்மொழி வாசலில் பாப்பாவுக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தாள்.

“கனெக்சன் யார் பேர்ல இருக்கு?” என்று சிலிண்டர்காரர் கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர் பேர்லதான்” என்றாள் அய்யம்மாள்.

“பேரைச் சொல்லுங்கம்மா.”

அய்யம்மாள் தன் காதுத் தோட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினாள். அதில் முருகன் வேலோடு நின்றார்.

சிலிண்டர்காரர் விழித்தார். “தோடு முருகனா?”

“அட, இந்தத் தோடு எதுல செஞ்சது? அதைச் சொல்லு.”

“கவரிங்கா?”

அய்யம்மாளுக்கு வந்ததே கோபம்! “யாரைப் பாத்துக் கவரிங்குன்ற?”

அருள்மொழிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “தங்கம்ணே, தங்கம்! சாமி கையில வேலு. தங்கவேலு! புருசன் பேரை அத்தை வாயால சொல்லமாட்டாங்க.”

அப்படிச் சொன்னவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“அக்கா! உங்க அப்பா பேரு மேகநாதன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? பள்ளிக்கூடத்துல சேத்தப்பவே அப்படித்தான் எழுதுனாக.”

“பள்ளிக்கூடத்துல அதை யாரு சொன்னது?”

“எங்கம்மாதான்.”

“வாயால சொன்னாங்களா? இல்ல, அத்தை மாதிரிக் காட்டுனாங்களா?”

அக்கா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“மலையாளத்து டீச்சரு ஒருத்தங்க இருந்தாக. ‘அச்சன் பேரு எந்தா’ன்னு கேட்டாக. அம்மா வாயே தொறக்கல. ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டுச்சு. டீச்சர் எட்டிப் பாத்துட்டு எழுதிட்டாக.” அக்கா அருள்மொழியின் கையைப் பிடித்தாள். “அருளு, அப்ப எங்கப்பா பேரு மேகநாதன் இல்லையா?”

“அந்த ஜன்னலைப் பாத்தாத்தான் தெரியும்” என்றாள் அருள்மொழி.

சனிக்கிழமை காலையில் பிரபாகரன் லோடு ஏற்ற மலைக்குக் கிளம்பினார். மூன்று பேரும் அவரோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். குரங்கணி தாண்டியதும் ஜீப்பு குலுங்கிய குலுங்கலில் அருள்மொழியின் பல்லெல்லாம் ஆடியது. பாப்பா மட்டும் தூளியில் ஆடுவதுபோல் சுகமாகத் தூங்கியது.

பள்ளிக்கூடம் இப்போது பள்ளிக்கூடமாக இல்லை. ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வாசனை ஆளைத் தூக்கியது. டீச்சரின் மேசை இருந்த இடத்தை அக்கா காட்டினாள். பக்கத்திலேயே ஜன்னல் இருந்தது.

அருள்மொழி ஒரு மூட்டைமேல் ஏறி எட்டிப் பார்த்தாள். வெளியே வெள்ளை வெளேரென்று மேகம். மரம்கூடத் தெரியவில்லை.

“மேகம்தான் இருக்கு அருளு” என்றாள் அக்கா மெதுவாக. “டீச்சர் சரியாத்தான் எழுதிருக்காக.”

அருள்மொழிக்கும் முகம் வாடிவிட்டது. இவ்வளவு தூரம் அலைய வைத்துவிட்டோமே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

“லோடு ஏத்த இன்னும் நேரம் ஆகும். சாப்பிடுங்க” என்றார் பிரபாகரன். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பாப்பா விழித்துக்கொண்டு ஆளுக்கொரு வாய் வாங்கித் தின்றது.

கை கழுவ எழுந்த பிரபாகரன் ஜன்னல் பக்கம் திரும்பினார். “அங்க பாருங்க!”

மேகம் விலகியிருந்தது. மேகம் இருந்த இடத்தில், பச்சைப் பசேலென்று பெரிய மலை ஒன்று ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

“மலை!” என்று கத்தினாள் அருள்மொழி. “உங்கம்மா காட்டுனது மலையைத்தான். டீச்சர் எட்டிப் பாத்தப்ப மேகம் வந்து மறைச்சிருக்கு!”

“அப்ப மலைச்சாமியா? மலையாண்டியா?” என்று கேட்டார் பிரபாகரன்.

“அக்கா, கையை நீட்டறதுக்கு முன்னாடி அம்மா வேற எதையாவது காட்டுனாங்களா? நல்லா யோசிங்க.”

“இல்லையே. என் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுச்சு. அப்புறம்தான் கையை நீட்டுச்சு.”

“அது கொஞ்சல் இல்லக்கா! அதுவும் பேருதான்.”

“கன்னமலையா?” என்றார் பிரபாகரன். “பிள்ளைமலையா? அப்படியெல்லாம் யாரும் பேரு வைக்கமாட்டாகளே!”

அருள்மொழி பாப்பாவைப் பார்த்தாள். ராசிங்காபுரத்தில் எத்தனை பேர் அதன் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள்! தொட்டுவிட்டு எல்லோரும் ஒரே வார்த்தையைத்தானே சொன்னார்கள்?

“அழகு” என்றாள் அருள்மொழி.

“அழகுமலை” என்றாள் அக்கா. “எங்கப்பா பேரு அழகுமலை. அழகுன்னு சொல்றதுக்கு எங்கம்மா என்னையத் தொட்டுக் காட்டிருக்கு அருளு!”

சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அருள்மொழி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சேர்ந்து அவளும் அழுதாள். பாப்பா மட்டும் மிச்சமிருந்த புளிச்சோற்றைத் தரையில் பூசிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மறுபடியும் ராசிங்காபுரம். அதே டீக்கடை.

“மலைக்குப் போன அழகுமலையா? அதை முன்னாடியே சொல்லக்கூடாதா தாயி? நம்ம ஒச்சப்பனோட அண்ணன்ல!” என்றார் கடைக்காரர். கடைக்கு வந்த ஒருவரைத் தோட்டத்துக்கு விரட்டினார். “வெரசா ஒச்சப்பனைக் கூட்டியா. எந்தச் சோலியா இருந்தாலும் போட்டுட்டு வரச் சொல்லு!”

ஒச்சப்பன் கால் நிறையச் சேறோடு ஓடி வந்தார். அக்காவையே பார்த்தார்.

“உங்கம்மா பேரு மகாராணியா ஆத்தா?” என்று கேட்டார்.

அக்கா தலையாட்டினாள்.

“மகாராணி மதினியைக் கட்டிக்கிட்டு வந்தப்ப எங்கய்யா வீட்டுக்குள்ள விடல. ரெண்டு பேரும் மலையேறிட்டாக. நான் அப்பச் சின்னப்பய. பெறகு பூப்பாறை மலைப் பக்கமெல்லாம் தேடுனோம், கிடைக்கல. அண்ணன் செத்துப்போச்சுன்னு சேதி மட்டும் வந்துச்சு.” ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீ ஒருத்தி இருக்கேன்னு யாரும் சொல்லலையே ஆத்தா!”

“சித்தப்பா” என்றாள் அக்கா. அந்த வார்த்தையை அவள் யாரையும் பார்த்துச் சொன்னதே இல்லை. அதனால் இன்னொரு தடவையும் சொன்னாள்.

வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கறி வாங்க ஒருவர் ஓடினார், பாய் விரிக்க ஒருவர் ஓடினார். அருள்மொழி தன் வேலையை மறக்கவில்லை.

“உங்களுக்குப் பையன் இருக்கானா?” என்று ஒச்சப்பனிடம் கேட்டாள்.

“ஒருத்தன் இருக்கான். சூர்யபிரகாஷ்.”

“சித்தப்பா மகன்னா அக்காவுக்குத் தம்பி. அக்காவுக்குத் தம்பின்னா பாப்பாவுக்குத் தாய்மாமன். காது குத்தணும், அவரைக் கூப்பிடுங்க!”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அலறியது. “எனக்குக் காது குத்தியாச்சு! வேணும்னா பாருங்க!”

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார் தாய்மாமன். வயது ஆறு. முன்பல் இரண்டைக் காணோம். அவரைச் சமாதானப்படுத்தி வெளியே கொண்டுவருவதற்குள் குழம்பே கொதித்துவிட்டது.

காதுகுத்து அன்று கோயில் வாசலில் ராசிங்காபுரத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தங்கள் வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் பட்டுச்சட்டை, பழம், பூ எல்லாம் வந்தன. “இத்தனை பேருக்கு எங்க ஆத்தா பந்தி போடுவேன்?” என்று அய்யம்மாள் சலித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஆறு வயது மாமனின் மடியில் பாப்பா நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. ஆகவே ஒச்சப்பன் முதலில் உட்கார்ந்தார். அவர் மடியில் மாமன் உட்கார்ந்தான். மாமன் மடியில் பாப்பா உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் மாமன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ‘ஓ’வென்று அழுதான். பாப்பா அவனது ஓட்டைப் பல்லை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு காது முடிந்துவிட்டது. இரண்டாவது காதில்தான் அதற்கு விஷயம் புரிந்தது. பிறகு அது போட்ட சத்தத்தில் மாமன் அழுகையை நிறுத்திவிட்டான்.

பூசாரி அர்ச்சனைத் தட்டை எடுத்தார். மேளம் முழங்கியது.

“பிள்ளையோட தாய்வழித் தாத்தா பேரு என்ன?”

எல்லோரும் செல்லக்கிளி அக்காவைப் பார்த்தார்கள்.

“அழகுமலை” என்றாள் அக்கா.

“சத்தமாச் சொல்லும்மா. மேளத்துல கேக்கல.”

“அழகுமலை! ராசிங்காபுரம் அழகுமலை!”

அவள் கத்திய கத்தலில் மேளக்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.