பைக்குள் உடைந்த ரத்தம்

போன் அலறியது.

ரத்த வங்கி டாக்டர் எடுத்தாள். மறுமுனையில் சர்ஜன். குரலில் நெருப்பு.

"நீ அனுப்பின ரத்தத்தை ஏத்தினோம்... ஆள் காலி. என்னத்தை அனுப்பித் தொலைச்சே?"

செத்தவர் சாதாரண ஆள் இல்லை. ரத்தம் சேமிக்கும் பிளாஸ்டிக் பைகளைத் தயாரிக்கிற முதலாளி. கார் விபத்தில் தொடை எலும்பு நொறுங்கி, ஆபரேஷன் மேஜைக்கு வந்தவர்.

இன்ஸ்பெக்டர் வந்தார். சர்ஜன் முந்திக்கொண்டார். ரத்த வங்கி டெக்னீஷியன்தான் குரூப்பை மாற்றிக் கொடுத்துவிட்டான், இப்போதே பிடித்து உள்ளே தள்ளுங்கள் என்று குதித்தார். டெக்னீஷியன் குரூப் எழுதிய ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினான்.

சோதித்துப் பார்த்தார்கள்.

குரூப் சரியாகவே இருந்தது.

டாக்டர் சர்ஜனை ஏளனமாகப் பார்த்துவிட்டு, காலிப் பையில் மிஞ்சியிருந்ததை ஒரு குழாயில் ஊற்றி மெஷினில் சுழற்றினாள்.

சிவப்பணுக்கள் அடியில் இறங்கின. மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர்...

ரத்தச் சிவப்பு.

"பைக்குள்ளயே அணுக்கள் உடைஞ்சிருக்கு, சார். உடைஞ்சா உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே வந்துடும். அவ்வளவையும் வேகமா ஏத்தினா இதயம் நின்னுடும்."

"எப்படி உடைஞ்சுது?"

"பையால. பிளாஸ்டிக் வளையறதுக்காக ஒரு ரசாயனம் சேர்ப்பாங்க. அது கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கசியும். உடம்புக்கு நல்லதில்லேன்னு கெட்ட பேரு அதுக்கு. ஆனா சிவப்பணுவோட மேல்தோலை உடையாம காப்பாத்தறதும் அதுதான்."

இந்த முதலாளி அதை எடுத்துவிட்டு, 'ரசாயனம் இல்லாத பை' என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தாராம். எடுத்த இடத்தில் வேறு எதையும் சேர்க்கவில்லையாம். புது ரத்தம் தாங்கும். நாள்பட்ட ரத்தம் உடையும்.

"ஆக, தன் பையாலயே செத்திருக்கார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவர் வினை அவரைச் சுட்டுது" என்றாள் டாக்டர். இரக்கம் துளியும் இல்லை.

இன்ஸ்பெக்டர் கிளம்பினார். வாசல்வரை போனவர் நின்றார்.

"இந்தச் சிவப்பு ஆபரேஷன் தியேட்டர்ல தெரியாதா, டாக்டர்?"

"தெரியாது. தூக்கிட்டுப் போறப்பவே எல்லாம் கலந்துடும். ஃப்ரிட்ஜ்ல அசையாம நிக்கிறப்ப மட்டும் மேலே தெரியும்."

"ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்துப் பார்த்து அனுப்பறது யாரு?"



டெக்னீஷியன் மெல்ல டாக்டரைத் திரும்பிப் பார்த்தான். இன்று பைகளைத் தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி, அவனை விலக்கிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தது அவள்தான். புது ரத்தம் முன்வரிசையிலேயே இருந்தது. அவள் கை நாள்பட்ட பைகள் இருந்த பின்வரிசைக்குப் போனது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாள்.

"என் தங்கச்சிக்குப் பிரசவத்துல ஏத்தினது இவன் பைதான், சார். பிள்ளை பிழைச்சுது. அவ போயிட்டா. ஆதாரத்தோட இவன்கிட்ட போய் நின்னேன். 'உன் தங்கச்சி உடம்பு சரியில்லே, என் பையைக் குத்தம் சொல்றியா'ன்னு சிரிச்சான்."

அவள் கண்கள் கலங்கவில்லை.

"அதான்... அவன் பையை அவனுக்கே கொடுத்தேன்."

இரண்டு கைகளையும் நீட்டினாள். இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"இது இரும்பு, டாக்டர். பிளாஸ்டிக் மேல இருந்த நம்பிக்கையே எனக்குப் போயிடுச்சு."