ஒரு சாண் தூரம்

பிரேமலதா பாடியது நான்கு வரிகள். பதிவில் மூச்சு இழுக்கும் சத்தம் ஐந்து முறை கேட்டது.

முதல் தடவை கேட்டபோது அவள் அதை எண்ணவில்லை. எண்ணுகிற அளவுக்கு அந்தப் பதிவில் அமைதியும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணி. கீழ்த்தளத்தில் கரீம் பாட்சாவின் பை தைக்கிற கார்கானா ஆட்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். வாரம் முழுக்கத் தையல் மெஷின்கள் அதிரவைக்கிற அந்த தாராவிக் கட்டடத்தில், மாடி அறையில் உட்கார்ந்து பாடுவதற்கு அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள்ளும் புது மைக், காது முளைத்த பிராணி மாதிரி, சந்தின் சத்தத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. தகரக் கூரையில் சொட்டும் ஜூலை மழை, மூன்று வீடு தள்ளிக் குக்கர் விசில், சந்தில் நீலப் பிளாஸ்டிக் டிரம்மை யாரோ உருட்டிப் போவது, தூரத்தில் மாஹிம் பக்கம் லோக்கல் ரயில். அவ்வளவுக்கும் நடுவில் அவள் குரல். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சு.

மூன்றாவது வரிக்கு முன்னால் மட்டும் இரண்டு மூச்சு இருந்தது. ஒன்று அவளுடையது. அதற்கு அரை நொடி முந்தி இன்னொன்று.

பாடப்போகிறவர் இழுக்கிற மூச்சு. வயிற்றிலிருந்து வருவது, நிதானமானது. இருபது வருடம் மேடையில் பாடிய பிரேமலதாவுக்கு அது தெரியாமல் இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை தாராவியிலும் செம்பூரிலும் கல்யாணிலும் கோயில் கொடை, கல்யாண வரவேற்பு எதுவானாலும் ஆர்கெஸ்ட்ராவில் அவள் பெயர் இருக்கும். பிறகு குரல்வளையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல், சிலேட்டில் எழுதிக் காட்டியே வீட்டை நடத்தினாள். பேச்சு திரும்ப வந்தபோது அது வேறு குரலாக இருந்தது. கீழே இறங்கிய, மணல் கலந்த குரல். மேல் ஸ்தாயி வரவே இல்லை. ஆர்கெஸ்ட்ராவில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த ஜூனில்தான் திலக் நகரிலிருந்து சாதனா போன் செய்தாள். இணையத்தில் ஒலித்தொடர்கள் தயாரிக்கிற பெண். "அக்கா, எனக்கு இந்த கரகரப்புதான் வேணும். வீட்லயே ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. ஆனா க்ளீனா இருக்கணும். பேக்ரவுண்ட்ல எதுவும் கேக்கக் கூடாது."

பேக்ரவுண்டில் மூச்சு விடுவதை என்னவென்று சொல்லி அனுப்புவது?

சனிக்கிழமை லேமிங்டன் ரோட்டுக்குப் போனாள். வானமாமலையின் மைக் கடை ஒரு ஆள் நிற்கிற அகலம்தான். நாங்குநேரிக்காரர், ஆர்கெஸ்ட்ரா காலத்திலிருந்து பழக்கம். அவர்தான் அந்த மைக்கைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்துவிட்டிருந்தார். லேப்டாப்பைத் திறந்து பதிவைப் போட்டுக் காட்டினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டு பேரு பாடினியளா?"

"நான் மட்டுந்தான் அண்ணாச்சி."

"பக்கத்துல யாரு ஒக்காந்திருந்தா?"

"யாருமில்ல. இவங்க டூட்டிக்குப் போயிட்டாங்க."

அவர் ஹெட்போனைக் கழற்றி மெதுவாகக் கண்ணாடி மேஜையில் வைத்தார். "பழைய கட்டடம்மா. சத்தம் செவுத்துல பட்டுத் திரும்பும்" என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் வேறொரு பெட்டியை எடுத்துவந்தார்.

"நான் மொதல்ல குடுத்தது கண்டென்சர். ஊசி விழுந்தாலும் பிடிச்சிரும். நல்ல ரூம்னா ராணி மாதிரி இருக்கும், தாராவிக்கு ஆகாது. இந்தா, இது டைனமிக். வெலையும் கம்மி. பாட்டுக்கும் வைக்கலாம், நாளைக்கு தபேலாவுக்கும் கிட்டாருக்கும் வைக்கலாம், கீழ போட்டாலும் ஒடையாது. நேரா லேப்டாப்புல சொருகிக்கிடலாம். வாய்க்கு ஒரு சாணுக்குள்ள வச்சுப் பாடுங்க."

"தள்ளி இருக்கிறது எதுவும் கேக்காதா?"

"ஒரு சாணுக்கு அங்கிட்டு அதுக்கு ஒலகமே கிடையாது."

அதைக் கேட்டு அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வையைத் தலைவழியே போர்த்திக்கொண்டு பாடினால் எதிரொலியும் அடங்கும் என்று சொல்லி அதைக் கொடுத்து அனுப்பினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கணவன் நயினார் வேலையிலிருந்து வந்ததும் அந்த டைனமிக் மைக்கை எடுத்து வைத்துக்கொண்டான். டிராம்பே பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். பாட்டு என்றால் மனைவி பாடுவதுதான் அவனுக்குப் பாட்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்... பெரியோர்களே தாய்மார்களே" என்று தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்தான். பிரேமலதா அறையின் மறுகோடியில் அடுப்படியில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏளா லதா, எதுக்கு என் காதுல ஊதுத?"

அவள் திரும்பினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணைத் திறந்து அவள் நின்ற இடத்தைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் தாமதித்துப் போயிற்று.

"ஃபேன் காத்தா இருக்கும்" என்றான்.

அவள் மேலே பார்த்தாள். மைக் சோதிப்பதற்காக ஃபேனை அவளேதான் அணைத்திருந்தாள்.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். படுக்கும்போது, "வேணும்னா நாளைக்கு லீவு போடவா?" என்று கேட்டான். "வேண்டாம்" என்றாள். சனிக்கிழமை காலைக்குள் பாட்டு போய்ச் சேர வேண்டும். மூச்சுச் சத்தத்துக்குப் பயந்து பாட்டை விட்டேன் என்று நாளைக்கு யாரிடம் சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பகல் ஒரு மணிக்கே மாடி அறை சாம்பல் நிறமாக இருந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. செருப்புகள் சந்தில் சளசளத்துத் தொலைந்தன. கீழே கரீம் பாட்சாவின் மனைவி சுலைகா மட்டும் இருந்தாள். தைத்த பைகளில் நூல் பிசிறு வெட்டுகிற கத்தரிச் சத்தம் தரைப் பலகை இடுக்கு வழியாக மேலே வந்தது. அறையின் வாசல் பக்கம், கீழே இறங்குகிற இரும்பு ஏணிக்கான சதுரத் திறப்பு. பிரேமலதா எதிர்ச் சுவரில் முதுகு படும்படி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மைக்கை அதன் குட்டை ஸ்டாண்டோடு முன்னால் வைத்தாள். லேப்டாப்பில் பதிவைத் தொடங்கினாள். ஹெட்போனை மாட்டி, ரஜாயைத் தலைமேல் இழுத்து, மைக்கையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

உலகம் போய்விட்டது.

வானமாமலை சொன்னது உண்மைதான். மழை இல்லை, ரயில் இல்லை, கத்தரி இல்லை. மைக்கின் அடியில் எரிகிற ஒரு பச்சைப் புள்ளியும், ரஜாயின் ரசகற்பூர வாசனையும், கழுத்தில் ஊறுகிற வியர்வையும் மட்டும். இத்தனை சுத்தமான மௌனத்தை அவள் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. உதட்டை மைக்குக்கு அருகே கொண்டுபோய் முதல் வரியைப் பாடினாள். அவளுடைய புதுக்குரல், அந்தக் கரகரப்பு, காதுக்குள் வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. இதைத்தான் சாதனா கேட்டாள் என்று புரிந்தது. அறுவைக்குப் பிறகு முதல்முறையாகத் தன் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்காக வாயைத் திறந்தாள்.

அவளுக்கு முன்னால் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

திறந்த வாய் அப்படியே நின்றது. ஹெட்போனில் மௌனம். என்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டாள். வாயை மூடினாள். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு மூச்சை நிறுத்தினாள். காதுக்குள் இரத்தம் தட்டுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

மூச்சு வெளியே வந்தது. நீளமாக. அவளுடையது அல்லாதது.

கூடவே ஒரு வாசனை. அதிமதுரம். மேடை ஏறுவதற்கு முன்னால் அவள் மெல்லுவது. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் அதை வாங்கியதே இல்லை.

மைக் கெட்டிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். மைக் கெட்டிருந்தால் தள்ளி வைத்தாலும் அதே சத்தம் அதே அளவில் வரும். பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி கையை நீட்டி ஸ்டாண்டை முன்னால் தள்ளினாள். ஒரு சாண். இரண்டு சாண். மெல்ல ம்ம் என்று ஓசை எழுப்பிப் பார்த்தாள். ஹெட்போனில் அவள் ஓசை வரவில்லை. இரண்டு சாணுக்கு இந்தப் பக்கம் இருந்த அவள், மைக்குக்கு இல்லாமல் போயிருந்தாள்.

மூச்சு பெரிதாகியிருந்தது.

அருகில். இன்னும் தெளிவாக. நாக்கு ஈரமாகி மேலண்ணத்தைத் தொட்டு விலகுவதுவரை கேட்டது.

அது அவள் பக்கம் இல்லை. மைக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரஜாய்க்குள். எதிரே. சம்மணமிட்டு.

பச்சைப் புள்ளி மறைந்தது. எதுவோ குனிந்திருந்தது.

மூன்றாவது வரி தொடங்கியது.

அவள் உதடுகள் ஒட்டியிருந்தன. குரல் அவளுடையது. பழைய குரல். மணல் படாதது, கல்யாண் மைதானத்தில் கடைசி வரிசை ஆளையும் திரும்பிப் பார்க்கவைத்தது. அவளால் இனி தொட முடியாத மேல் ஸ்தாயிக்கு அது அலுங்காமல் ஏறியது. ஏறி அங்கேயே நின்றது.

ரஜாயின் விளிம்பைப் பற்றித் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் உருண்டு வெளியே விழுந்தாள். ஹெட்போன் கழன்று உள்ளேயே கிடந்தது. தவழ்ந்தாள். தோள் அலமாரியில் இடித்தது. மூலை. தவறான மூலை. ஏணித் திறப்பு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் ரஜாய்.

பாட்டு நிற்கவில்லை. இப்போது அதற்கு ஹெட்போன் தேவைப்படவில்லை. அறை முழுக்க ஒலித்தது. கீழே கத்தரிச் சத்தம் நின்றுபோனது.

"ஏ பிள்ள லதா!" பலகை இடுக்கு வழியாகச் சுலைகாவின் குரல் வந்தது. அழுகையும் சந்தோஷமும் கலந்த குரல். "அல்லா, உன் கொரலு வந்துட்டா? ஒடம்பெல்லாம் சிலுக்குது. நிறுத்தாத, பாடு!"

பிரேமலதா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கைகளை எடுத்துக் கத்தப் பார்த்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். காற்று மட்டும்.

ரஜாயைத் தாங்க உள்ளே எதுவும் இல்லை. ஸ்டாண்ட் முழங்கால் உயரம்கூட இல்லை. ரஜாய் சரிந்து தரையில் கிடந்திருக்க வேண்டும்.

ரஜாய் உட்கார்ந்திருந்தது.

தலையின் உருண்டை. இரண்டு தோள்கள். மைக்கை நோக்கி லேசாகக் குனிந்த கழுத்து. பூப்போட்ட துணி முழங்கால்கள்மேல் படிந்து மடிந்திருந்தது.

நான்காவது வரி முடிந்தது. மழைச் சத்தம் திரும்பி வந்தது.

தலை மெதுவாக நிமிர்ந்தது. மைக்கை விட்டு விலகி, அலமாரி மூலைப் பக்கம் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், துணி உள்நோக்கி இழுபட்டுக் குழிந்தது. நிதானமாக. வயிற்றிலிருந்து இழுக்கிற ஆழமான மூச்சு.